வாலுக்கு மூன்றடிப் பெட்டி

ஒரு காட்டில் ஆளாளுக்குச் செல்லப்பிராணி வளர்க்கக் கிளம்பிவிட்டார்கள். "ஊரே வளர்க்குது, நாம மட்டும் என்ன இளப்பமா?" என்று குப்பாண்டிக் கரடியும் ஒரு சிறுத்தைப் பல்லியை வாங்கி வந்தான். மஞ்சள் உடம்பு, கறுப்புப் புள்ளிகள், தடித்த வால். பெயர் செவந்தி. அவளை அவன் குடிவைத்தது ஓர் அல்வா டப்பாவில்.

அல்வா டப்பாவில் எந்தப் பல்லி வாழும்? திரும்பினால் சுவர், நிமிர்ந்தால் மூடி. ஒரு மூலையில் சூடு, எதிர் மூலையில் குளிர்ச்சி, நடுவே ஈரப்பாசி போட்ட ஒரு பொந்து, இத்தனையும் இருந்தால்தான் பல்லிக்குத் தோல் ஒழுங்காக உரியும். செவந்திக்கோ பாதி உரிந்த தோல் கால்விரல்களைச் சுற்றி இறுக்கிக்கொண்டு கிடந்தது. இன்னொரு தடவை இப்படி ஆனால் விரலே போய்விடும். பயத்தில் அவளுக்கு அழுகை அழுகையாக வந்தது. "மூணடிப் பெட்டி வாங்கித் தாய்யா" என்று கரடியைப் பிடுங்கி எடுத்தாள்.

கரடிக்கும் மனசுதான். ஆனால் அந்தக் காட்டில் பெட்டியளவு அலுவலகம் கையெழுத்துப் போடாமல் யாரும் ஓர் அங்குலம்கூடக் கூட்ட முடியாது. இருவரும் படிவம் நிரப்பி, வரிசையில் நின்று கால் கடுத்து, அதிகாரி தணிகாசலத்தின் மேஜையை அடைந்தார்கள். தணிகாசலம் ஓர் உடும்பு.

அவர் செவந்தியை மேஜையில் கிடத்தி அளந்தார். "ஒரு சாண் இருக்கே. விதிப்படி நீளத்துக்கு ரெண்டு மடங்கு. ரெண்டு சாண் பெட்டி."

"ரெண்டு சாண்ல சூட்டை எங்க வைக்கிறது, குளிர்ச்சியை எங்க வைக்கிறது சார்?" என்றாள் செவந்தி.

"சூட்டுக்கு ஒரு சாண், குளிர்ச்சிக்கு ஒரு சாண்."

"அப்ப நான் எங்க இருக்கிறது?"

தணிகாசலத்துக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. "என்கிட்டயே கேள்வியா?" என்று முத்திரையை ஓங்கி மேஜையில் குத்தினார். அந்தச் சத்தத்தில் வெலவெலத்துப்போன செவந்தி, வாலைக் கழற்றிப் போட்டுவிட்டாள். பல்லிகளுக்குப் பயம் வந்தால் அப்படித்தான்.

உடும்பு மறுபடியும் அளந்தார். "இப்ப நீ அரைச் சாண். ஒரு சாண் பெட்டியே ஜாஸ்தி."

அடப் பாவி! அவள் வாயைத் திறப்பதற்குள், மேஜையில் கிடந்த வால் துள்ளித் துள்ளி ஆடத் தொடங்கியது. தணிகாசலத்தின் முகம் மலர்ந்தது.

"யாரு இந்தத் தம்பி? என்ன ஒரு பணிவு! தம்பிக்குப் பெட்டி வேணுமா?"

வால் ஆடியது.

"மூணடி போதுமா?"

வால் இன்னும் வேகமாக ஆடியது. தணிகாசலம் நெகிழ்ந்துபோய் அனுமதி முத்திரையைக் குத்தினார். செவந்தியை, 'மனுதாரரின் தூரத்து உறவு, ஓரமாக வசிக்கலாம்' என்று கீழே ஒரு வரியில் சேர்த்தார்.

எப்படியோ மூன்றடிப் பெட்டி வந்தது. தோல் அழகாக உரிந்தது, விரல்கள் பிழைத்தன. ஆடி ஓய்ந்த வால் குப்பைக்குப் போனது. செவந்திக்குக் கொழுகொழுவென்று வேறொன்று முளைத்தது.

இரண்டு மாதம் கழித்துத் தணிகாசலம் சோதனைக்கு வந்தார். "மனுதாரர் எங்கே?"

செவந்திக்கு வண்டி வண்டியாகத் திட்ட வேண்டும்போல் இருந்தது. எல்லாவற்றையும் விழுங்கிக்கொண்டு, பொந்துக்குள் தலையை நுழைத்து, வாலை மட்டும் வெளியே விட்டு ஆட்டினாள்.

"அட தம்பி! சதை போட்டுட்டியே! நம்ம பெட்டி ஒத்துக்கிச்சு!" என்று தட்டிக்கொடுத்தார். பிறகு கரடியின் காதருகே குனிந்தார். "அந்த வாயாடி உறவு எங்க?"

"காலி பண்ணிட்டுப் போயிடுச்சுங்க" என்றான் கரடி.

"தொல்லை விட்டுது. தம்பிக்கு நாலடியா எழுதிடறேன்."

நீதி: அலுவலகம் போகும் பிள்ளைகளே, தலையை வீட்டிலேயே பத்திரமாக வைத்துவிட்டுப் போங்கள். அங்கே அதற்கு இடம் ஒதுக்குவதில்லை.