வியாழக்கிழமை பாகம்

நான் கார்ட்டூன் பார்த்துக் கெட்டுப்போனவள். அப்போது எனக்கு வயது நாற்பத்தாறு.

என் மகள் கலாவுக்காகப் போட்ட கேபிளில், சாயங்காலம் ஐந்தரைக்கு ஒரு ஜப்பான் கார்ட்டூன் இந்தியில் வரும். கப்பலேறித் தீவு தீவாகப் போய், அக்கிரமக்காரர்களை எதிர்த்து நிற்கும் ஒரு கூட்டத்தின் கதை. முந்நூறு பாகத்துக்கு மேல். எனக்குத் தமிழை எழுத்துக்கூட்டிப் படிக்க வரும், அவ்வளவுதான். இந்தி, நாங்கள் குடியேறிய மராத்தி ஊரான போபோடியின் சந்தில் காதால் கற்றது. கார்ட்டூனுக்கு அது போதும். (ஃபேக்டரியிலிருந்து வந்த எங்கள் வீட்டுக்காரர் அரை மணி நேரம் வாசலில் நின்ற நாளும் உண்டு.)

நம் தொடர்களில் வெள்ளிக்கிழமை நெஞ்சிலடித்து அழுதவள் திங்கட்கிழமை புதுப் புடவையில் வருவாள். இதில் யாரும் எதையும் மறப்பதில்லை. எழுபதாவது பாகத்தில் இவர்கள் சண்டையில் எரிந்த ஒரு பாலத்துக்கு, இருநூறாவது பாகத்தில் ஒருத்தி வந்து நியாயம் கேட்டாள். வாயைப் பிளந்துகொண்டு உட்கார்ந்திருந்தேன். அடுப்பில் சாதம் கருகியது. கருகட்டும் என்று விட்டுவிட்டேன்.

எங்கள் வீட்டில் ஒரு சட்டம் உண்டு: வரப்போகும் கதையை யாரும் முன்னால் சொல்லக் கூடாது. கலா ஒருமுறை மீறினாள். தொடையில் கிள்ளியது இரண்டு நாள் சிவந்திருந்தது.

அந்த வாரம் கலங்கரை விளக்கத் தீவின் கதை. விளக்குக்காரன் வரி கேட்டு மீனவர்களை வதைக்கிறான். புதன்கிழமை பாகத்தில் அத்தனை பேரும் திரண்டுபோய் அந்தப் பெரிய விளக்கை உடைத்துவிட்டு ஆடினார்கள். எனக்குப் புல்லரித்தது. ஏனென்றால் எங்கள் கட்டடத்திலும் ஒரு விளக்குக்காரர் இருந்தார்.

சொசைட்டி செகரட்டரி குல்கர்ணி காக்கா. (மராத்தியில் காக்கா என்றால் சித்தப்பா.) தண்ணீர் வால்வைத் திருகும் நீள இரும்புச் சாவி அவர் கையில். முன்கட்டுக்கு நாற்பது நிமிடம், எங்கள் பின்கட்டுக்கு இருபது. அவர் வீடு எந்தக் கட்டில் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. கேட்டால், "உங்க பக்கத்து பைப் பழசு வஹினி, தாங்காது" என்பார். (வஹினி என்றால் அண்ணி. மரியாதைக்கு ஒன்றும் குறைச்சல் இல்லை.)

மறுநாள் வியாழன், எங்கள் பகுதியில் கரண்டை நிறுத்திவைக்கும் நாள். கார்ட்டூன் போயிற்று. கலா மட்டும் பக்கத்துப் பகுதியான கட்கியில் தோழி வீட்டுக்கு ஓடிப்போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். நான் வயிற்றெரிச்சலோடு முற்றத்துக்கு வந்தேன். மறுநாள் கணபதி பூஜை. களிமண் பிள்ளையாரைத் தாழ்வான பலகையில் வைத்துப் பதினாறு வீட்டாரும் பந்தல் கட்டிக்கொண்டிருந்தார்கள். கூட்டத்தைக் கண்டதும் எனக்குள் அந்த மீனவர்கள் எழுந்தார்கள். நாற்காலி மேல் ஏறினேன்.

"நாங்க இன்னா, ரெண்டாந்தாரத்துப் புள்ளைங்களா? சாவிய எங்க கையில குடுங்க!" என்று என் இந்தியில் முழங்கினேன். பின்கட்டுப் பெண்கள் கைதட்டினார்கள். கலா முந்தானையை இழுத்தாள்.

"அம்மா, எறங்கும்மா. இன்னிக்கு பார்ட்ல இன்னா ஆச்சி தெரியுமா, அந்த லைட்டு..."

"கத சொல்லாதடி!"

வாயை மூடிக்கொண்டாள். தொடையையும் ஒரு கையால் மூடிக்கொண்டாள்.

காக்கா பந்தல் கயிற்றைக் கீழே வைத்தார். உள்ளே போய்ச் சாவியை எடுத்து வந்து என் கையில் கொடுத்தார். "மெதுவாத் திருப்புங்க வஹினி, கால் சுத்துதான்." ஜெயித்தவளுக்குக் காது எதற்கு?

காலை ஐந்து மணிக்கு, தலையில் மல்லிகைச் சரத்தோடு போய், இரண்டு முழுச் சுற்று திருப்பினேன். மண்ணுக்குள் யாரோ இருமியதுபோல் ஒரு சத்தம். அடுத்த நொடி பைப் வெடித்தது. எங்கே? கீழ்த்தளத்தில், என் வாசற்படியில். செருப்புகள் மிதந்தன. அரிசி டின் நகர்ந்தது. எங்கள் வீட்டுக்காரர் கட்டிலில் எழுந்து உட்கார்ந்து, "இன்னாடி, கப்பலே வாங்கிட்டியா?" என்றார்.

தண்ணீர் என் வீட்டோடு நிற்கவில்லை. நேராகப் பந்தலுக்கு நடந்தது. பத்து நாள் கழித்து ஆற்றில் கரைய வேண்டிய பிள்ளையார், பூஜைக்கு முன்பே என்னால் கரையப்போகிறார். மூட வேண்டும். எந்தப் பக்கம் திருப்பினால் மூடும்? பதற்றத்தில், நான் எந்தப் பக்கம் திருப்பினேன் என்பதே மறந்துவிட்டது. பதினாறு வீட்டில் ஒருவருக்கும் தெரியவில்லை.

ஒரு கன்னத்தில் ஷேவிங் நுரையோடு காக்கா ஓடி வந்தார். வால்வுக் குழியில் இறங்கி, முழங்கால் தண்ணீரில் குனிந்து, கண்ணை மூடிக்கொண்டு, காதால் கேட்பவர்போல் சாவியை வலது பக்கம் திருப்பினார். பலகையின் விளிம்பைத் தொட்டுவிட்டுத் தண்ணீர் நின்றது. ஒன்பது வருடம், ஒரு நாள் தவறாமல், ஐந்து மணிக்கு வந்த கை அது. நான் கைகூப்பினேன். பிள்ளையாரைப் பார்த்தா, அவரைப் பார்த்தா என்று எனக்கே தெரியாது.

மாடியிலிருந்து எண்ணெய்த் தலையோடு ஒருத்தி, "மதராசி வஹினி இன்னிக்கே விசர்ஜன் வெச்சிட்டாங்க!" என்றாள். பதினாறு வீட்டிலும் குளிக்கத் தண்ணீர் இல்லை. தெருக்குழாயிலிருந்து குடம் குடமாகச் சுமந்தேன். முதல் குடம் அவள் வீட்டுக்கு.

சாயங்காலம் ஈரக் கட்டிலில் கால் தூக்கி உட்கார்ந்து டிவி போட்டேன். முந்தின நாள் கதைச் சுருக்கம் ஓடியது. விளக்கு இல்லாத இருட்டில் மீனவர்களின் படகுகளே பாறையில் மோதி உடைகின்றன. ஆடிய அதே கைகள் பலகை பொறுக்குகின்றன.  போபோடியைக் கண்ணால் பார்க்காத எவரோ, எங்கேயோ உட்கார்ந்து என்னை வரைந்திருக்கிறார்கள்!

"ஏண்டி சொல்லல?"

"சொன்னா கிள்ளுவியே."

அந்தக் கதையில் மீனவர்கள் கேட்டது தப்பு என்று யாரும் சொல்லவில்லை. ஒன்பது வாரம் எண்ணெய் சுமந்து, விளக்கைத் தாங்களே ஏற்றக் கற்றுக்கொண்டார்கள். நானும் வால்வு திருப்பக் கற்றுக்கொள்ளக் காக்காவிடம் போய் நின்றேன். புது பைப் வந்தது. இரண்டு கட்டுக்கும் முப்பது முப்பது நிமிடம். சாவி இன்றும் என் வீட்டு ஆணியில்தான். ஐந்து மணிக்கு எழுந்து, கால் சுற்று.

கலாவுக்கு இப்போது வேலை பெங்களூரில். போன மாதம் மேனேஜர் முகத்தில் ராஜினாமாவை எறியப்போவதாகப் போனில் குதித்தாள். நான் ஒன்றே ஒன்றுதான் கேட்டேன்:

"வியாழக்கிழமை பாகம் பாத்துட்டியா?"

"கத சொல்லாதம்மா!" என்றாள். ஆனால் எறியவில்லை.