கூட்டம் போட்டு அடக்கிய கதிர்வீச்சு

கதிரியக்கத்தைக் கூட்டம் போட்டே அடக்க முடியும் என்று உலகுக்கு முதன்முதலில் நிரூபித்த பெருமை, திருவனந்தபுரம் 'பரப்பியல் உயராய்வு நிலைய'த்தையே சாரும். பெரிய பெரிய நாடுகள் ஈயச் சுவர் கட்டிக்கொண்டு பயந்து கிடந்தபோது, இந்நிலையம் சாயாவும் பருப்புவடையும் வைத்தே அந்தக் காரியத்தை முடித்தது.

இந்தச் சாதனைக்கு இடைஞ்சலாக இருந்தவள் ஜெஸ்லின் ஒருத்திதான். மார்த்தாண்டத்துப் பெண். முனைவர் பட்டத்துக்காக வெள்ளிப் படிகத்தின் மேற்பரப்பை ஆராய்ந்துகொண்டிருந்தாள். உதவித்தொகை அந்த மாதக் கடைசியோடு தீர்கிறது. அதற்குள் ஒரே ஓர் அளவீடு எடுத்துவிட்டால் ஆய்வேடு முடிந்துவிடும். எடுக்காவிட்டால் பட்ட பாடெல்லாம் வீண்.

அளவீட்டுக்கு வேண்டியது கதிரியக்க இண்டியம். அதன் அணுக்களைத் துளியளவு வெள்ளியின் மேல் படியவிட்டால், வாடகைக்கு வீடு பார்க்க வந்தவர் மாதிரி ஒவ்வொன்றும் ஓரிடத்தில் உட்கார்ந்து அக்கம்பக்கத்தை நோட்டம் பார்க்கும். பிறகு அடுத்தடுத்து இரண்டு காமாக் கதிர்களை வெளியே அனுப்பும். அவை புறப்படும் திசைகளை ஒப்பிட்டால், அணு சமதளத்தில் இருந்ததா, விளிம்பில் தொற்றிக்கொண்டிருந்ததா என்று சொல்லிவிடலாம். ஆனால் இண்டியத்துக்குப் பொறுமை கிடையாது. மூன்று நாள் ஆவதற்குள் பாதி அணுக்கள் வேறு தனிமமாக மாறிவிடும். மிச்சத்தில் பாதி, அடுத்த மூன்று நாளுக்குள்.

இண்டியம் இருந்த ஈயப்பெட்டி விமானத்தில் வந்து இறங்கிய அன்றே ஜெஸ்லின் கையுறையோடு ஓடினாள். பாதுகாப்பு அதிகாரி ஹரிகுமார் திறப்பு விழாவைக் காரணம் காட்டிக் குறுக்கே நின்றார்.

"உத்காடனம் கழியாம பெட்டியத் தொறக்கக்கூடாது, கேட்டோ. மந்திரி வரணும், விளக்குக் கொளுத்தணும்."

"மந்திரி எப்ப சார் வருவாரு?"

"ரெண்டு ஆழ்ச்ச ஆவும்."

"ரெண்டு வாரமா! அதுக்குள்ள அணுவெல்லாம் செத்துப் போவும் சார்!"

"அணு செத்தா சாகட்டு. மனுஷன் சாகாம இருந்தா போதுமல்லோ."

இயக்குநர் வெங்கடசுப்ரமணியனிடம் ஓடினாள். கரமனை அக்ரஹாரத்துக்காரர், எதையும் முறைப்படி செய்பவர்.

"ஆரியசாலைப் பாத்திரக்கடையில ஆளுயர விளக்கு சொல்லியிருக்கேன், கொழந்தே. இருட்டுல சயன்ஸ் ஆரம்பிக்கலாமோ? அதுவரைக்கும் பாதுகாப்புக் கமிட்டி பாத்துக்கும்."

கமிட்டி மூன்று நாளுக்கு ஒரு தடவை கூடியது. இரண்டாம் கூட்டத்தில் ஹரிகுமார் பெட்டிக்குப் பக்கத்தில் மீட்டரைக் காட்டினார். கதிர்வீச்சு பாதியாகியிருந்தது!

"ஒரே மீட்டிங்ல பாதியா!" என்று இயக்குநர் மலைத்துப்போனார். மூன்றாம் கூட்டத்தில் அந்தப் பாதியிலும் பாதி. கமிட்டி கமிட்டியையே பாராட்டித் தீர்மானம் போட்டது.

ஜெஸ்லினுக்குப் பொறுக்கவில்லை. "சார், அது தானா குறையுது. நீங்க கூடலேன்னாலும் குறையும்."

அறையில் எல்லோரும் வடையைக் கீழே வைத்தார்கள். ஹரிகுமார் வாடிய முகத்தோடு இயக்குநரைப் பார்த்தார். "அப்போ எங்க கஷ்டப்பாட்டுக்கு வெல இல்லியா, சாரே?"

கூட்டக் குறிப்பேட்டில் ஒரு வரி ஏறியது: 'மாணவியின் அவநம்பிக்கை வருத்தத்துடன் குறித்துக்கொள்ளப்பட்டது.'

"மிச்சம் இருக்கிறதையாவது தாங்க சார். என் அஞ்சு வருசம் போயிரும்" என்று அவள் கெஞ்சினாள்.

"நன்னாக் குறைஞ்சுண்டு வர்றச்சே கை வைக்கப்படாதும்மா" என்றார் இயக்குநர் கனிவோடு.

விழா நாள் வந்தது. மந்திரி விளக்கேற்றினார், பெட்டி திறக்கப்பட்டது. மீட்டரின் முள் பேருக்கு அசைந்துவிட்டுப் படுத்துக்கொண்டது. இவ்வளவு 'அடக்கமான' அணுக்களைத் தாம் எங்கும் கண்டதில்லை என்று மந்திரி புகழ்ந்து, இயக்குநருக்குப் பொன்னாடை போர்த்தினார். ஊர் கைதட்டியது. மிச்சமிருந்த அணுக்களை வெள்ளியின் மேல் இட்டு, ஜெஸ்லின் மறுநாள் முழுக்கக் கருவியின் முன் காத்திருந்தாள். திரையில் அங்கொன்றும் இங்கொன்றுமாகப் புள்ளிகள்; அவற்றை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. வெற்றிடப் பம்பின் இரைச்சலில் யாருக்கும் கேட்காதபடி அழுதாள்.

பொன்னாடையைக் கழற்ற மனமில்லாமல் இயக்குநர் அந்தப் பக்கம் வந்தார்.

"ஏன் மூஞ்சியைத் தூக்கி வச்சுண்டிருக்கே? உன் உதவித்தொகையை நீட்டிக்கற விஷயம் நம்ம கமிட்டிக்கே வந்தாச்சு. பத்திரமாப் பாத்துப்போம்."

ஜெஸ்லின் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "அணுவப் பாத்துக்கிட்ட மாதிரியா சார்?"

இயக்குநரின் முகம் மலர்ந்தது.

"அப்படியேதான்! மூணு நாளைக்கு ஒரு மீட்டிங் போட்டுடறேன்."