செத்தவர் தும்மிய நாடகம்

அன்புள்ள அக்காவுக்கும் அத்தானுக்கும் தம்பி வணக்கத்தோடு எழுதிக்கொள்வது. அங்கே எல்லோரும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். என் சுகத்தைக் கேட்டால், நேற்றிலிருந்து கால் தரையில் பாவவில்லை.

எங்கள் மன்றத்து நாடகத்தில் இந்தத் தடவை எனக்கு டாக்டர் வேஷம். இதுவரை காவலாளியாக வாசலில் நின்றவனுக்கு முதன்முதலாக வசனம். கட்டிலில் கிடக்கும் பணக்காரரின் நாடியைப் பார்த்து, "எல்லாம் முடிஞ்சுபோச்சு" என்று சொல்ல வேண்டும். அதற்குப் பிறகு அவர் பிள்ளைகள் சொத்துக்கு அடித்துக்கொள்வதுதான் நாடகமே. ஒரு மாதமாக வீட்டில் இதையே சொல்லிப் பழகினேன். உன் தம்பி பெண்டாட்டிக்குப் பொறுக்கவில்லை. "சோறு போடும்போதும் முடிஞ்சுபோச்சுங்கறீங்க, அபசகுனமா இருக்கு. கூரை ஒழுகுது, ஞாயித்துக்கிழமையானா ஒத்திகைன்னு ஓடிடறீங்க. இந்த நாடகத்தோட ஒரு கும்பிடு போட்டுடுங்க" என்றாள். சரியென்று தலையாட்டினேன்.

நேற்று அரங்கம் நிறைந்த கூட்டம். மூன்றாம் வரிசையில் இவள் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். பணக்காரராகப் படுத்திருந்தவர் எங்கள் தெரு டெய்லர். போர்த்தியிருந்த கம்பளியிலோ ஒரு வண்டித் தூசி. நாடியைப் பிடித்து "எல்லாம்" என்றேனோ இல்லையோ, மனுஷன் தும்மினார் பார், விளக்கெல்லாம் ஆடியது. தும்மியதோடு விட்டாரா, எழுந்து உட்கார்ந்து, "மன்னிச்சுக்குங்க டாக்டர்" என்றார். விதவையாக அழ வேண்டிய அம்மாள் திறந்த வாயை மூடவில்லை. ஓரத்திலிருந்து டைரக்டர், "சாகடி, சாகடி" என்று பல்லைக் கடிக்கிறார். மன்னிப்புக் கேட்ட மனுஷனை எப்படிச் சாகடிப்பது? நாக்கில் வந்ததைச் சொன்னேன். "எல்லாம் சரியாப்போச்சு. வெந்நீர் குடுங்க, நூறு வயசு இருப்பார்." கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆனது. அப்புறம் மூத்த பிள்ளை பாடம் பண்ணியதை மாற்றத் தெரியாமல், "எங்களை விட்டுட்டுப் போயிட்டீங்களே அப்பா" என்று கதற, டெய்லர், "எங்கடா போனேன், இங்கதான் இருக்கேன்" என்று சொல்ல, ஜனங்கள் நாற்காலியை விட்டு விழுந்து சிரித்தார்கள்.

இன்று பத்திரிகையில் விமரிசனம். 'சோக நாடகம் என்றார்கள். சிரித்து வயிறு புண்ணானது. நிதானம் தவறாதவர் டாக்டர் ஒருவரே.' இவள் அதை மதிற்சுவருக்கு மேலே எட்டிப் பக்கத்து வீட்டுக்கே படித்துக் காட்டினாள். பிறகு என்னிடம் வந்து, "கூரை எங்க ஓடிப்போகுது? நீங்க ஒத்திகைக்குக் கிளம்புங்க" என்றாள். கல்யாணமான நாளாய் அந்தக் குரலை நான் கேட்டதில்லை, அக்கா.

அடுத்த மாதம் மறுபடி மேடையேறுகிறோம். நீயும் அத்தானும் அவசியம் வர வேண்டும். முன்வரிசை என் பொறுப்பு. பிள்ளைகளுக்கு மாமனின் ஆசிகள்.

இப்படிக்கு,
ஊரே பேசும் உன் தம்பி

பின்குறிப்பு: உறையை ஒட்டும்போது டைரக்டர் வந்தார். நோயாளி பிழைத்தது ஜனங்களுக்குப் பிடித்துவிட்டதாம். "இனிமே அவர் ஆரம்பத்துலேருந்தே நல்லா இருக்கட்டும். அப்புறம் டாக்டர் எதுக்கு?" என்கிறார். எனக்குத் திரை இழுக்கிற வேலை. ஆகையால் முன்வரிசை வேண்டாம், இடது ஓரமாக உட்காருங்கள். கயிற்றை இழுக்கும்போது என் கை தெரியும்.