பாதி மேட்டில் லேசாகும் சைக்கிள்

என் சைக்கிளில் இனி யாரும் கை வைக்கக் கூடாது என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் வீட்டாருக்குப் பிரகடனம் செய்தேன். வீட்டார் என்றால் என் மனைவி. மகள் வேலை கிடைத்து வெளியூர் போன பிறகு நான் எதைப் பிரகடனம் செய்தாலும் கேட்பதற்கு அவள் ஒருத்திதான். அவளும் அப்போது மொட்டை மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள்.

“சரி. அந்த கிளிப் டப்பாவ எடுத்துக் குடுங்க.”

எடுத்துக் கொடுத்தேன். பிரகடனம் அத்துடன் முடிந்தது.

காரணம் இல்லாமல் நான் கத்துகிறவன் இல்லை. அன்றைக்கு என் மச்சினன் வருவதாக இருந்தது. அவளுடைய தம்பி. இரும்புக் கதவு செய்கிற பட்டறை வைத்திருக்கிறான். கதவு கேட்டு யாரும் வராத நாட்களில் உலகத்தைத் திருத்துவான். உலகத்தில் எத்தனையோ கோணல் இருக்க, அவன் கண்ணில் படுவது சைக்கிள் ஒன்றுதான்.

முதலில் குடை வைத்த சைக்கிள் செய்தான். காற்று அடித்த பக்கமெல்லாம் அது போனது. பேங்குக்குப் புறப்பட்டவர் சுடுகாட்டு வாசலில் போய் நின்றார். அப்புறம் ஓட்ட ஓட்டத் துணி துவைக்கிற சைக்கிள். துணி வெளுத்தது, ஓட்டினவர் கறுத்தார். அதற்கப்புறம் பெடலே இல்லாமல், துடுப்புப் போடுகிற மாதிரி கையால் இழுத்து ஓட்டுவது. இரண்டு கையும் இழுக்கப் போய்விட்டால் ஹேண்டிலை யார் பிடிப்பது என்று கேட்டேன். “அதான் மாமா அடுத்த ஆராய்ச்சி” என்றான்.

நான் மூக்குக் கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கிறவன். தேய்க்க யாருக்கும் வரும். எங்கே நிறுத்துவது என்பதுதான் தொழில். இன்னும் கொஞ்சம் நன்றாக இருக்கட்டும் என்று கூட ஒரு இழுப்பு இழுத்தால் லென்ஸ் ஃபிரேமிலிருந்து கழன்று வாடிக்கையாளர் மடியில் விழும். சைக்கிளைக் கண்டுபிடித்த புண்ணியவான் சரியான இடத்தில் நிறுத்தியிருக்கிறான். அதற்கு மேல் தேய்க்கிறவர்களைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். பெடல் வேண்டாம் என்கிறான் ஒருவன். செயின் வேண்டாம் என்கிறான் இன்னொருவன். விழவே விழாத சைக்கிள் என்கிறான் மூன்றாமவன். விழாமல் ஓட்டக் கற்றுக்கொண்ட அந்த ஒரு நாள் சந்தோஷத்தைப் பிடுங்கிக்கொள்வதற்குப் பெயர் முன்னேற்றமா?

என் சைக்கிள் கல்யாணத்துக்கு முன்னால் வாங்கியது. அப்போது பச்சை நிறம். இப்போது என்ன நிறம் என்று சொல்ல முடியாது. மணி அடித்தால் ஒரு பெரியவர் இருமுகிற மாதிரி சத்தம் வரும், ஆனால் ஜனங்கள் மரியாதையாக ஒதுங்குவார்கள். கல்யாணமான மறுவாரம் இவளைக் கேரியரில் உட்கார வைத்துத்தான் ஊரைச் சுற்றிக் காட்டினேன். அதற்கு முன்னால் ஒரு பேச்சுக்கு, “உனக்கு சைக்கிள் ஓட்டத் தெரியுமா?” என்று கேட்டேன். தலையைக் குனிந்துகொண்டு “தெரியாதுங்க” என்றாள். எனக்கு அன்றைக்கு நெஞ்சு ஒரு சுற்று பெரிதானது, இன்னும் முழுதாக இறங்கவில்லை.

பிறகு முன் பாரில் ஒரு குட்டி சீட் போட்டு மகளும் ஏறினாள். மழை வந்தால் மகள் என் சட்டைக்குள், இவள் என் முதுகுக்குள். பாலத்து மேட்டைக்கூட மூன்று பேராக ஏறியிருக்கிறோம். அந்த மேட்டில் பெரிய பெரிய ஆட்களெல்லாம் இறங்கித் தள்ளுவார்கள். நான் இறங்கியதே இல்லை. முதலில் கொஞ்சம் முக்கும், முனகும். பாதி மேடு வந்ததும் வண்டி தானாக லேசாகிவிடும். அந்தக் காலத்து இரும்புக்கு அப்படி ஒரு குணம்.

அந்தச் சைக்கிள் மேல்தான் என் மச்சினன் கண் வைத்திருந்தான். “இந்த மாதிரி ஃபிரேம் இப்ப கெடைக்காது மாமா, அறுத்தா அடுத்த மாடலுக்கு ஆகும்” என்று போன தடவையே தடவிப் பார்த்துவிட்டுப் போயிருந்தான்.

வந்தான். கூடவே வந்தது ஒரு சாய்வு நாற்காலி. அதற்குச் சக்கரம் இருந்தது.

“படுத்துக்கிட்டே ஓட்டலாம் மாமா. முதுகு வலி இல்ல. எட்டு கியர்.”

ஏறிக் காட்டினான். ஏறினான் என்று சொல்லக்கூடாது, படுத்தான். பெடல் முகத்துக்கு எதிரே இருந்தது. ஹேண்டில் இடுப்புக்குக் கீழே எங்கேயோ இருந்தது. தெருநாய் ஒன்று அவன் முகத்தை நேருக்கு நேர் பார்த்துவிட்டு, இது என்ன ஜாதி என்று புரியாமல் பின்வாங்கியது. பஸ்காரர்களுக்குத் தெரிய வேண்டும் என்று தலைமாட்டில் ஒரு கம்பு நட்டு சிவப்புத் துணி கட்டியிருந்தான்.

எதிர்வீட்டு டிரில் மாஸ்டர் வேடிக்கை பார்க்க வந்துவிட்டார். ரிட்டயர் ஆகியும் கழுத்தில் விசிலைக் கழற்றாதவர்.

“கேரியர் எங்கடா?” என்றேன்.

“கேரியரா? இது ஒருத்தர் போறதுக்கு மாமா. அதான் ஸ்பீடு.”

“அப்ப உங்கக்கா எங்க ஒக்காருவா?”

“அக்காவுக்குத் தனியா ஒண்ணு பண்ணித் தரேன்.”

“எட்டு கியர் எதுக்கு?”

“மேடு ஏற வேண்டாமா?”

நான் சிரித்தேன். நெஞ்சு அந்தப் பழைய அளவுக்குப் பெரிதானது. “இவள பின்னாடி வெச்சுக்கிட்டு, இத்தன வருஷமா பாலத்து மேட்ட ஏறியிருக்கேன். ஒரு கியர் இருந்துச்சா? கேளு உங்கக்காவ.”

என் மனைவி டீயைக் குடித்துக்கொண்டிருந்தாள். புரையேறிவிட்டது.

“ஆமாமா. ஏறியிருக்காரு” என்றாள், இருமலுக்கு நடுவில்.

“எல்லாம் சரி மாமா. உங்க வண்டி அவ்வளவு ஒசத்தின்னா, இத்தன வருஷத்துல அக்காவால ஏன் ஓட்டக் கத்துக்க முடியல? பயம். விழுந்துடுவோம்னு பயம். என் வண்டில விழவே முடியாது. ஏற்கெனவே படுத்திருக்கோம்.”

எனக்குப் பற்றிக்கொண்டது. “அடுத்த ஞாயித்துக்கெழமைக்குள்ள உங்கக்கா என் சைக்கிள தனியா ஓட்டுவா. பந்தயம்.”

“ஓட்டலன்னா?”

“சைக்கிள எடுத்துக்க. அறுத்து என்ன வேணா பண்ணு.”

“ஓட்டிட்டா என் வண்டி உங்களுக்கு.”

“எனக்கு எதுக்குடா அந்தப் பாடை?”

“பந்தயம்னா ரெண்டு பக்கமும் ஏதாவது வைக்கணும் சார்” என்றார் டிரில் மாஸ்டர். சொல்லிவிட்டு விசிலைத் துடைத்தார்.

மனைவி டம்ளரைக் கீழே வைத்தாள். “என்ன வெச்சா பந்தயம் கட்டறீங்க? எனக்கு இந்த வயசுல இதெல்லாம் வராது.”

“வரும். நான் சொல்லித் தரேன்.”

“கஷ்டப்பட்டு கத்துக்கிட்டு, ஒரு நாள் ஓட்டிக் காட்டிட்டு, மறுபடியும் கேரியர்ல ஒக்காரவா? நான் எப்ப கேட்டாலும் சைக்கிளக் குடுப்பீங்களா?”

“எப்ப வேணா எடுத்துக்க. உன் சைக்கிள்னு நெனச்சுக்க.”

“மாஸ்டர், கேட்டுக்கிட்டீங்களா?”

“கேட்டுக்கிட்டேன்மா.”

மறுநாள் விடியலில் தண்ணீர்த் தொட்டி மைதானத்தில் பாடம் ஆரம்பமானது. கேரியரைப் பிடித்துக்கொண்டு நான் பின்னால் ஓடினேன். இவள் மேலே உட்கார்ந்துகொண்டு சந்தேகம் கேட்டாள்.

“ஏங்க, இது ஏன் இந்தப் பக்கமே போவுது?”

“நீ அந்தப் பக்கமே பாக்கற. நேராப் பாரு.”

“நேராப் பாத்தா உங்களப் பாக்க முடியலியே. விட்டுட மாட்டீங்களே?”

“விட மாட்டேன்.”

“சத்தியமா?”

“ஓடறப்ப எப்படிடீ சத்தியம் பண்றது?”

விழுந்தாள். தினமும் விழுந்தாள். இதில் ஒரு விஷயம் கவனித்தேன்: மணல் இருக்கிற இடமாகப் பார்த்து விழுந்தாள். சைக்கிளில் ஒரு கீறல் இல்லை, அவளுக்கும் ஒரு சிராய்ப்பு இல்லை. என் பயிற்சியின் தரம் அப்படி என்று நினைத்துக்கொண்டேன். நாள் முழுக்க ஊரார் பார்வையைச் சரி செய்கிறவன் நான். என் பார்வையை யார் சரி செய்வது?

வீட்டுக்கு வந்தால் அவளுக்குக் கை வலிக்கும். பாத்திரம் நான் தேய்த்தேன். கால் வலிக்கும். வீடு நான் பெருக்கினேன். “நாளைக்கு வரல, உடம்பு முடியல” என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், என் பச்சைச் சைக்கிள் பட்டறையில் அறுபடுகிற சத்தம் எனக்குக் காதில் கேட்கும். ஓடிப்போய் வெந்நீர் வைப்பேன். அந்த வாரம் சமைத்ததும் நான்தான். இரண்டு நாள் உப்பு அதிகம் என்றாள், ஒரு நாள் பரவாயில்லை என்றாள்.

சனிக்கிழமை வரைக்கும் அவள் என் கையை விட்டு ஒரு வண்டி நீளம் கூடத் தனியாகப் போகவில்லை. அன்று மாலை சைக்கிளைக் கழுவித் துடைத்தேன். எண்ணெய் போட்டேன். முன் பாரில் குட்டி சீட் இருந்த இடத்தில் பெயிண்ட் தேய்ந்து இரும்பு தெரிந்தது. அதில் கை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். அவள் வாசற்படியில் நின்று பார்த்தாள். உள்ளே போய் எனக்கு ஒரு டீ போட்டுக்கொண்டு வந்தாள். அந்த வாரத்தில் அவள் அடுப்பு பற்ற வைத்தது அது ஒரு தடவைதான்.

ஞாயிற்றுக்கிழமை மைதானத்தில் மச்சினன் ரம்பத்தோடு வந்து நின்றான். டிரில் மாஸ்டர் விசில் ஊதினார். நான் கேரியரைப் பிடிக்கப் போனேன்.

“நீங்க நகருங்க” என்றாள்.

ஹேண்டிலைப் பிடித்து நாலு எட்டு ஓடினாள். ஓட்டத்திலேயே ஏறினாள். அதை நான் சொல்லித் தரவில்லை, எனக்கே வராது. தொட்டியைச் சுற்றி வளைந்தாள். வளைவில் ஒரு கையை எடுத்து நெற்றியில் விழுந்த முடியை ஒதுக்கினாள். மணி அடித்தாள், தேவை எதுவும் இல்லாமல், சும்மா. மாஸ்டர் போட்டிருந்த சுண்ணாம்புக் கோட்டில் முன்சக்கரம் தொட்டும் தொடாமல் நிறுத்தி ஒரு காலை ஊன்றினாள். டிரில் மாஸ்டர் விசிலை வாயில் வைத்தவர் ஊத மறந்துவிட்டார்.

“பாத்தியாடா என் பயிற்சிய?” என்றேன் மச்சினனிடம்.

“தோத்துட்டேன் மாமா.” தோற்ற முகமாகவே இல்லை. சாய்வு நாற்காலியை என் வாசலில் விட்டுவிட்டு விசிலடித்துக்கொண்டு நடந்து போனான். அது அவன் பட்டறையில் பாதி இடத்தை அடைத்துக்கொண்டிருக்கிறது என்று அவன் பெண்சாதி கத்திக்கொண்டிருந்த சமாச்சாரம் எனக்கு அப்புறம்தான் தெரிந்தது.

திங்கட்கிழமை காலை, கடைக்குப் புறப்பட்டு வெளியே வந்தேன். சைக்கிள் மேல் என் மனைவி. ஹேண்டிலில் ஒரு பை.

“எங்க கெளம்பிட்ட?”

“வேலைக்கு. பாலத்துக்கு அந்தப் பக்கம் மழலப் பள்ளிக்கூடம். இன்னைக்கு சேரச் சொல்லியிருக்காங்க. பஸ் அந்தப் பக்கம் போறதில்ல.”

“சைக்கிள்?”

“எப்ப கேட்டாலும்னு சொன்னீங்க. மாஸ்டர் இருந்தாரு.”

எதிர்வீட்டுத் திண்ணையில் பேப்பர் தாழ்ந்தது. “இருந்தேன்” என்றார் டிரில் மாஸ்டர். பேப்பர் மறுபடி உயர்ந்தது.

“அப்ப நான் எதுல போறது?”

“உங்களுக்குத்தான் புது வண்டி ஜெயிச்சுக் குடுத்திருக்கேனே. எட்டு கியர்.”

வாசலில் அது படுத்துக் கிடந்தது. தெருநாய் அதில் ஏறித் தூங்கிக்கொண்டிருந்தது. அதற்கு மட்டும் வசதியாக இருந்த மாதிரி தெரிந்தது.

“ஒரே வாரத்துல எப்படி இவ்வளவு நல்லா ஓட்டற?” என்றேன்.

“பள்ளிக்கூடத்துல சைக்கிள் ரேஸ்ல நான்தான் முதல்ல வருவேன். தம்பிக்கே நான்தான் கத்துக் குடுத்தேன்.”

“கல்யாணமான புதுசுல கேட்டேனே. தெரியாதுன்னியே.”

பிரேக்கைப் பிடித்துப் பிடித்து விட்டாள். என் முகத்தைப் பார்க்கவில்லை.

“தெரியும்னு சொன்னா எனக்கும் ஒண்ணு வாங்கிக் குடுத்திருப்பீங்க. ஆளுக்கொரு சைக்கிள்ல போயிருப்போம். எனக்கு உங்க பின்னாடி ஒக்காந்து போகணும்னு இருந்துச்சு.”

போன சைக்கிள் போகட்டும் என்று தோன்றியது. அந்த நிமிஷம் அவள் கேட்டிருந்தால் கடையையே எழுதிக் கொடுத்திருப்பேன், அது என் கடை இல்லை என்றாலும்.

“ஏறுங்க. போற வழிதான, எறக்கி விடறேன்.”

கேரியரில் உட்கார்ந்தேன். டிரில் மாஸ்டர் பேப்பருக்குள் குலுங்கினார், நான் கண்டுகொள்ளவில்லை. கேரியரிலிருந்து பார்த்தால் தெரு பக்கவாட்டில் போகிறது. எதிரே வருவது எதுவும் தெரியாது, ஒரு முதுகு மட்டும் தெரியும். இத்தனை வருஷமும் இவள் பார்த்தது இதுதான் என்று நினைத்தபோது கண் கலங்கிவிட்டது. மழை வந்தால்கூட நன்றாக இருக்கும் என்று பட்டது. சைக்கிளுக்கு மேல் ஒரு கண்டுபிடிப்பு வேண்டுமா மனிதனுக்கு?

பாலத்து மேடு வந்தது. சைக்கிள் முக்கியது, முனகியது. பாதி மேட்டில் அவள் திரும்பாமலே சொன்னாள்.

“எறங்கி பின்னாடி தள்ளுங்க. இத்தன வருஷம் நான் தள்ளல?”

இறங்கினேன். அந்தக் காலத்து இரும்பு, உடனே லேசாகிவிட்டது.