சன்னாரி செய்த பூட்டு

கதவோரம் இருந்த பெட்டியில் மூன்றாவது முறையாக அட்டையை வைத்தாள் சன்னாரி. மூன்றாவது முறையும் சிவப்பு விளக்குதான் எரிந்தது. பச்சை எரிந்தால் கதவு திறக்கும். சிவப்பு எரிந்தால், "நீ யாரென்றே எனக்குத் தெரியாது" என்று பொருள். எட்டு மாதம் உட்கார்ந்து அந்தப் பெட்டிக்கு அதைச் சொல்லிக்கொடுத்தவளே அவள்தான்.

கம்போடியாவின் பட்டம்பாங்கிலிருந்து கோலாலம்பூருக்கு மின்னணு அமைப்புப் பொறியியல் படிக்க வந்து நான்கு வருடம் ஆகிறது. போன பருவத்தில் இந்த ஆய்வுக்கூடத்திலிருந்து ஆசிலாஸ்கோப் என்ற விலையுயர்ந்த அளவுக் கருவிகள் இரண்டு கால் முளைத்து நடந்து போய்விட்டன. அதனால் கடைசி வருடத் திட்டமாக யாராலும் ஏமாற்ற முடியாத ஒரு பூட்டைச் செய்து இந்தக் கதவிலேயே பொருத்தியிருந்தாள். இன்று ஒன்பது மணிக்கு அதற்குத் தேர்வு. பினாங்கிலிருந்து வெளித் தேர்வாளர் வருகிறார். தேறாவிட்டால் இன்னொரு பருவம் இருக்க வேண்டும். மாணவர் விசாவோ இந்த மாதக் கடைசியோடு சரி. அவள் அம்மா பட்டம்பாங் சந்தையில் மகள் இஞ்சினியர் ஆகிவிட்டாள் என்று போன மாதமே இனிப்புக் கொடுத்துவிட்டாள்.

"வந்துட்டியா சன்னாரி!" கையில் ரொட்டி சானாய் பொட்டலத்தோடு படியேறி வந்தாள் ஆய்வுக்கூட உதவியாளர் ரோஹானா. "தேர்வாளர் சார் எட்டு மணிக்கே வந்துட்டாரு. டை, கோட்டு, பெரிய பை, எல்லாம் ஜோரா இருக்காரு. நான்தான் என் அட்டையால திறந்து உள்ளே உட்கார வெச்சேன்."

சன்னாரி கதவைத் திரும்பிப் பார்த்தாள். "உள்ளேயா இருக்காரு?"

பதிலுக்குக் கதவின் மறுபக்கத்திலிருந்து தட்டும் சத்தம் வந்தது. "யாரும்மா அங்கே? கதவு திறக்க மாட்டேங்குது!"

"உங்க அட்டையை வைங்கக்கா, சீக்கிரம்!"

ரோஹானா வைத்தாள். சிவப்பு.

"காலையில நல்லாத்தானே இருந்துச்சு! நீ ஏதாச்சும் பண்ணியா?"

பண்ணியிருந்தாள். எட்டேகாலுக்கு, விடுதியில் பல் தேய்த்துக்கொண்டே, மடிக்கணினி வழியாகப் பூட்டின் நிரலில் ஒரே ஒரு வரியை அழகாக்கியிருந்தாள்.

"சார், ஒரு நிமிஷம் சார்!" என்று கதவைப் பார்த்துக் கும்பிட்டாள். "உங்க வலது பக்கம் பச்சைப் பொத்தான் ஒண்ணு இருக்கும். அதை அழுத்தினா கதவு உடனே திறந்துடும். உங்களை ஒரு போட்டோ எடுத்துக் காவலர் அறைக்கு அனுப்பும், அவ்வளவுதான்."

உள்ளே காலடிச் சத்தம் பொத்தான் பக்கம் வந்து, உடனே பின்வாங்கியது.

"அதையெல்லாம் நான் அழுத்த மாட்டேன்" என்றது குரல். "நீயே திற."

"பார்த்தியா?" ரோஹானா அவள் காதருகே கிசுகிசுத்தாள். "சோதிக்கிறாரு! குறுக்கு வழியில வெளியே வர மாட்டாராம். பயங்கர ஆளா இருக்காரே!"

சன்னாரி தரையில் உட்கார்ந்து மடிக்கணினியைத் திறந்தாள். காலையில் மாற்றிய வரியைப் பழையபடி மாற்றினாள். விரல் பதறிய வேகத்தில் கூடவே வேறு எதையோ அழித்திருக்க வேண்டும். 'பதிவான அட்டைகள்: 0' என்று திரையில் வந்தது. பூட்டு இப்போது பல்கலைக்கழகத்தில் ஒருவரையும் அறியாது.

"என்ன ஆச்சு?"

"இப்ப நம்ம துணைவேந்தர் வந்தாலும் திறக்காதுக்கா."

அந்த நேரம் பார்த்து அவளுடைய வழிகாட்டி டாக்டர் தியோ வந்து சேர்ந்தார். மெலிந்த மனிதர். குளிர்பதன அறையிலும் வியர்ப்பவர். விஷயத்தைக் கேட்டதும் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது.

"தேர்வாளரைப் பூட்டி வெச்சிருக்கியா? பினாங்கிலேர்ந்து வரவழைச்சுப் பூட்டி வெச்சிருக்கியா?" கதவருகே குனிந்து குரலைத் தேனாக்கினார். "சார், மன்னிக்கணும். மாணவி வெளிநாட்டுப் பொண்ணு, கெட்டிக்காரி. சின்னத் தடங்கல்."

"பரவாயில்லை" என்றது குரல். "முழு மார்க்கே போட்டுடறேன். கதவை மட்டும் திறங்க."

டாக்டர் தியோ நிமிர்ந்தார். அவர் கண் கலங்கியிருந்தது. "இருபது வருஷ சர்வீஸ்ல இப்படி ஒரு பெருந்தன்மையை நான் பார்த்ததே இல்லை."

"மின்சாரத்தை நிறுத்திடலாமா?" என்றாள் ரோஹானா. "கரண்டு போனா பூட்டு விட்டுடும்ல?"

வேண்டாம் என்று சன்னாரி சொல்வதற்குள் டாக்டர் தியோ நடைவழிக் கோடியில் இருந்த சுவிட்சை இறக்கிவிட்டார். மாடி முழுவதும் இருண்டது. கதவு திறக்கவில்லை. பதிலாக, பெட்டி கழுத்தைத் திருகிய வாத்து மாதிரி அலறத் தொடங்கியது.

"ஏன் கத்துது?"

"யாரோ திருட்டுத்தனமா கரண்டை வெட்டிட்டதா நினைக்குது சார். உள்ளே பேட்டரி வெச்சிருக்கேன். கரண்டு போனாலும் திறக்கக் கூடாதுன்னு. அறிக்கையில மூணாம் பக்கம். நீங்ககூட 'அருமை'ன்னு எழுதியிருந்தீங்க."

டாக்டர் தியோ தலையில் கை வைத்துக்கொண்டார். பக்கத்து வகுப்புகளிலிருந்து மாணவர்கள் எட்டிப் பார்த்தார்கள். ஒருவன் சிரித்தபடி படம் பிடித்தான். சன்னாரியின் மனக்கண்ணில் குடிநுழைவுத் துறை அலுவலர் ஒருவர் அவள் கடவுச்சீட்டில் ஓங்கி முத்திரை குத்திக்கொண்டிருந்தார்.

ரோஹானாவுக்கு விருந்தோம்பல்தான் முதல் கவலை. ஒரு ரொட்டியைக் காகிதத்தில் வைத்துக் கதவின் அடியில் தள்ளினாள். "சார், சாப்பிடுங்க! குழம்புதான் உள்ளே வராது, தப்பா நினைக்காதீங்க!"

காகிதம் உள்ளே இழுக்கப்பட்டது. மெல்லும் சத்தம் கேட்டது.

டாக்டர் தியோ பூட்டுக் கடைக்குப் போன் போட்டார். பத்தே நிமிடத்தில் வந்துவிட்டார் ஆள். வெளியே நல்ல மழை. தொப்பலாக நனைந்த அரைக்கைச் சட்டை, முழங்கால் வரை சுருட்டிய காற்சட்டை, காலில் ரப்பர் செருப்பு. "இங்கேதானே மூணாம் மாடி ஆய்வுக்கூடம்?" என்று அவர் கேட்டு முடிப்பதற்குள் டாக்டர் தியோ அவர் கையைப் பிடித்து இழுத்துக் கதவின் முன் நிறுத்தினார்.

"வாங்க அங்கிள், வாங்க. ஒரு சார் உள்ளே மாட்டிக்கிட்டாரு."

"இல்லை, நான் வந்து..."

"அதெல்லாம் அப்புறம் பேசிக்கலாம். கருவி எங்கே? என்ன அங்கிள், பூட்டுத் திறக்க வெறுங்கையோட வந்திருக்கீங்க?" ரோஹானா தன் கருவிப்பெட்டியை அவர் கையில் திணித்தாள்.

அவர் பெட்டியைப் பார்த்தார். மூவர் முகத்தையும் பார்த்தார். பிறகு முழங்காலை மடித்து உட்கார்ந்தார். அலறும் பூட்டை ஆர்வத்தோடு தடவிப் பார்த்தார்.

"யாரு செஞ்சது?"

"நான்தான் அங்கிள்."

"காந்தப் பூட்டா? எத்தனை கிலோ இழுவை தாங்கும்?"

"இருநூத்தி எண்பது. அங்கிள், சீக்கிரம்!"

"பேட்டரி எவ்வளவு நேரம் வரும்?"

"நாலு மணி நேரம். மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்த தனிச் சுற்று வெச்சிருக்கேன்."

"தீப்பிடிச்சா உள்ளே இருக்கிறவங்க என்ன செய்வாங்க?"

"பச்சைப் பொத்தான் இருக்கு. அது நிரலையே தொடாது, காந்தத்துக்குப் போற மின்சாரத்தை நேரா துண்டிச்சுடும். நிரல் செத்தாலும் அது வேலை செய்யும். சார்தான் அழுத்த மாட்டேங்கிறாரு!" சன்னாரிக்கு அழுகையும் கோபமும் ஒன்றாக வந்தன. "இதெல்லாம் எதுக்குக் கேட்கிறீங்க? உங்களுக்குத் திறக்கத் தெரியுமா, தெரியாதா?"

"தெரியும்மா. இவ்வளவு நல்ல பூட்டைப் போட்டுட்டு, கதவுக் கீலை வெளிப்பக்கம் விட்டுட்டியே?"

திருப்புளியைக் கீலின் அடியில் கொடுத்து ஒரு தட்டுத் தட்டினார். ஆணி மேலே எழும்பி வந்தது. இன்னும் இரண்டு தட்டு, இன்னும் இரண்டு ஆணி. டாக்டர் தியோவும் அவருமாகக் கீல் பக்கத்தை நெம்பி விலக்கினார்கள். ஓர் ஆள் பக்கவாட்டில் நுழைந்து வருமளவுக்கு இடைவெளி கிடைத்தது. எட்டு மாத உழைப்பு மறுபக்கத்தில் இம்மியும் அசையாமல், கதவைக் கெட்டியாகப் பிடித்தபடி அலறிக்கொண்டிருந்தது.

இருட்டிலிருந்து முதலில் பை வந்தது. பிறகு கோட்டும் டையுமாக மனிதர் வந்தார். உதட்டோரம் ரொட்டித் துணுக்கு.

"மன்னிச்சுடுங்க சார்" என்று சன்னாரி இடுப்பு வளையக் கும்பிட்டாள்.

"அதெல்லாம் ஒண்ணுமில்லை. பிரமாதமான பூட்டு. முழு மார்க்." அவர் யார் முகத்தையும் பார்க்கவில்லை. "அடுத்த இடத்துல தேர்வு இருக்கு, அவசரம்."

"பை கனமா இருக்கே, குடுங்க சார்!" டாக்டர் தியோ பிடுங்கிக்கொண்டார். மனிதர் வேண்டாம் என்று எவ்வளவோ சொல்லியும் கேட்காமல், மூச்சு வாங்க மூன்று மாடி இறங்கி, பையைக் காரின் பின்பக்கத்தில் பதமாக வைத்து, ரோஹானா பிடித்த குடையின் கீழ் நின்று கார் வாசல் தாண்டும் வரை கையசைத்துவிட்டுத் திரும்பினார்.

"முழு மார்க்!" என்றபடி படியேறி வந்தார். "சன்னாரி, முழு மார்க்!"

சன்னாரி சுவரோடு சாய்ந்து தரையில் உட்கார்ந்தாள். அப்போதுதான் தன் அருகில் நின்றவரின் நினைவு வந்தது.

"ரொம்ப நன்றி அங்கிள். கோபத்துல கத்திட்டேன், மனசுல வெச்சுக்காதீங்க. நீங்க கிளம்பலாம்."

அவர் கையிலிருந்த எண்ணெய்ப் பிசுக்கைக் கைக்குட்டையில் துடைத்தார். நனைந்த சட்டைப் பையிலிருந்து மூக்குக் கண்ணாடியை எடுத்து மாட்டினார். நாலாக மடித்த மதிப்பெண் தாளைப் பிரித்தார்.

"கிளம்பறேம்மா, பினாங்கிலேர்ந்து உன்னைக் கேள்வி கேட்க வந்தேன், கேட்டாச்சு, நீ பாஸ், அது சரி, அந்தப் பையோட போனவர் யாரு?"