கும்மிடிப்பூண்டியின் சிவப்புக் கொக்கு

அன்று காலை குளக்கரையில் இருந்தவர்கள்: எங்கள் பறவை பார்ப்போர் சங்கத் தலைவர், வேப்பம்பட்டு மேடம், பச்சைத் தொப்பி போட்ட இருபது உறுப்பினர்கள், வெள்ளைச் சட்டையை இன் பண்ணி, ஷூவுக்குப் பாலிஷும் போட்டிருந்த நான். வராதவர்கள்: அம்மா ("கொக்கு பாக்கறதுக்கு இன்னாத்துக்குடா இஸ்திரி சட்டை?"), நைட் ஷிப்ட்டில் இருந்த நைனா. கொக்கு வந்திருந்தது. வராமலே இருந்திருக்கலாம்.

நைனா கைநாட்டு. இரும்புக் கம்பெனி ஒன்றில் லாரியிலிருந்து தாது இறக்குகிறார். நான் டிப்ளமோ. எங்கள் பரம்பரையில் ரேஷன் கார்டைத் தாண்டி யார் பெயரும் அச்சில் வந்ததில்லை. சங்கமோ வருஷா வருஷம் புத்தகம் போடும். புதுப் பறவையைக் கண்டவர் பெயர் அதில் போட்டோவோடு வரும். அந்த ஒரு பக்கத்துக்காகத்தான் சேர்ந்தேன். (பறவைகள் மேல் பாசமா? சிக்கன் பகோடா வரைக்கும் உண்டு.)

தலைவர் ரிட்டயர்டு பேங்க் மேனேஜர். பறவை கண்ணில் படாமலிருக்க மிலிட்டரி பேன்ட் போடுவார். பேச ஆரம்பித்தால் செவ்வாப்பேட்டை வரை கேட்கும். புதிதாகச் சேர்ந்தவன் எல்லோருக்கும் தண்ணீர் பாட்டில் சுமக்க வேண்டும், வாயைத் திறக்கக் கூடாது. சுமந்தேன். வாயைத் திறந்தால் "சூப்பர் சார்" மட்டும்தான் வரும்.

ஒரு சாயங்காலம் நைனாவுக்குச் சோறு கொண்டுபோனபோது, கம்பெனிக்குப் பின்னாலிருந்த குளத்தில் அதைப் பார்த்தேன். கொக்குதான். ஆனால் தலையிலிருந்து வால் வரை செங்கல் நிறம். போனில் எடுத்து சங்கத்து வாட்ஸ்அப் குரூப்பில் போட்டேன்.

"மடையான் கொக்கா இருக்கும்பா. சீசன்ல அதுக்கு முதுகு செவக்கும்" என்று மேடம் எழுதினார்.

"இதுக்கு வயிறும் செவப்பு மேடம்!" வாழ்க்கையில் முதல் முறையாக ஒரு மேடத்தை எதிர்த்தேன்.

தலைவர் உடனே போன் செய்தார். "மாவட்டத்துக்கே புதுசு தம்பி! புக்ல என் பேரு மேல, உன் பேரு கீழ. கண்டுபுடிச்சவன் எல்லாருக்கும் நாஷ்டா வாங்கித் தர்றது நம்ம சங்கத்து வழக்கம்." (அந்த வழக்கம் அந்த போனில்தான் பிறந்தது.)

"சூப்பர் சார்" என்றேன்.

ஞாயிறு காலை கேமராக்கள் படபடத்தன. தலைவர் குரலைத் தாழ்த்தி (அதற்கே புத்தகத்தில் ஒரு பக்கம் தரலாம்), "அந்த நெறத்தைப் பாருங்க. வெளிநாட்டுலேர்ந்து வந்திருக்கு" என்றார்.

வெளிநாட்டு விருந்தாளி நிதானமாகத் தண்ணீரில் இறங்கியது. தலையை முக்கியது. சிறகை உதறியது. சுற்றிலும் தண்ணீர் டீ மாதிரி ஆனது. நிமிர்ந்தபோது முன்பாதி வெள்ளை.

கொக்கு பின்பாதியையும் கழுவிக்கொண்டது.

சரியாக அப்போது ஷிப்ட் முடிந்து நைனா கரை மேல் ஏறி வந்தார். தலை, மீசை, சட்டை எல்லாம் அதே செங்கல் நிறம். அத்தனை பைனாகுலரும் மெதுவாக அவர் பக்கம் திரும்பின.

"இன்னாடா டில்லி, இத்தினி பேரு நின்னுகினு கீறாங்க? எவனாவது உள்ள உழுந்துட்டானா?"

"யாருப்பா இது?" என்றார் தலைவர்.

"எங்க நைனா சார்."

"சேம் கலர்" என்று மேடம் லென்ஸை மூடினார்.

நான் பிறந்ததிலிருந்து அந்த நிறத்தில் ஒருவர் தினமும் எங்கள் வீட்டுக்குள் நுழைகிறார். அம்மா அவர் சட்டையை அலசும் தண்ணீரும் அதே டீதான். அந்த இரும்புத் தாதுத் தூசி நைனா மேல் இருந்தால் அழுக்கு, கொக்கு மேல் இருந்தால் புது இனம். இதற்கு ஒரு டிப்ளமோ!

"எனக்கு அப்பவே டவுட்டு" என்ற தலைவர், கையோடு, "இட்லி வந்தாச்சா?" என்றும் கேட்டார். நைனாவுக்கு ஒரு வடை எடுத்து வைக்கலாம் என்று நான் திரும்புவதற்குள் கடைசி வடையும் தலைவர் வாய்க்குள் போயிருந்தது. சாப்பிட்டுக் கை கழுவியதும் என்னையும் குரூப்பிலிருந்து கழுவிவிட்டார்.

இன்றைக்கும் நைனா ஷிப்ட் முடிந்து வாசலில் வந்து நின்றால் அம்மா கத்துவாள்: "டேய், உன் கொக்கு வந்துட்ச்சு. பைனாகுலர எட்த்துகினு வா!" நைனாவும் ஒற்றைக் காலைத் தூக்கி நின்று காட்டுவார்.

சந்தா, பழைய பைனாகுலர், இருபத்து மூன்று பேருக்கு இட்லி வடை எல்லாம் சேர்த்து எனக்கு ஆன செலவு நாலாயிரத்து ஐம்பத்திரண்டு ரூபாய். அதில் உருப்படியாக வேலை செய்தது, அன்று வீட்டுக்குப் போகும் வழியில் நைனா தலைக்கு நான் வாங்கிய ஷாம்பூ பாக்கெட் ஒன்றுதான். அது இரண்டு ரூபாய்.