கிரிக்கெட்டுக்கு முதுகு காட்டிய கம்ப்ரசர்

இந்த நாட்டில் ஐம்பது வயதைத் தாண்டியும் கிரிக்கெட்டில் ஒரு பந்துகூடப் பார்க்காத மனிதர் ஒருவர்தான். அவர் திருச்செங்கோட்டில், எங்கள் தெருமுனையில் குடியிருக்கிறார். கண் நன்றாகத் தெரியும். வீட்டில் டி.வி. இருக்கிறது. பார்க்கமாட்டார், அவ்வளவுதான்.

அவருக்கு அப்பா அம்மா வைத்த பெயர் ரேஷன் கார்டில் மட்டும் இருக்கிறது. எங்களுக்கு அவர் கம்ப்ரசர் அண்ணன். என் அப்பாவும் அண்ணன் என்றார், நானும் அண்ணன் என்றேன். போர்வெல் ரிக் லாரியில் காற்றடிக்கும் கம்ப்ரசரை ஓட்டிக்கொண்டு வடக்கே பாதி நாட்டில் ஓட்டை போட்டுவிட்டு வந்தவர். இப்போது பட்டறையில் அதே கம்ப்ரசர்களைக் கழற்றி மாட்டுகிறார். ஆனால் பெயர் வந்தது அதனால் இல்லை. கபடியில் அவர் பிடித்த மூச்சால் வந்தது.

அவர் காலத்தில் நடுக்கோட்டைத் தாண்டி 'கபடி கபடி' என்று பாட ஆரம்பித்தால் நிறுத்தமாட்டாராம். ஒருமுறை எதிரணியில் ஒருவர் கோட்டுக்கு வெளியே போய் டீ குடித்துவிட்டு வந்து பார்த்தால், இவர் இன்னும் அதே மூச்சில் பாடிக்கொண்டிருந்தாராம். இதைச் சொன்னவரும் கம்ப்ரசர் அண்ணன்தான். இப்போது ஒரு ரைடுக்கு இத்தனை வினாடிதான் என்று கணக்கு வைத்துவிட்டார்கள் அல்லவா, அதில் அவருக்குத் தீராத கோபம்.

"மூச்சுக்கு எதுக்குங்க வாட்ச்சு? மூச்சு நின்னா ஆளே நின்னுருவான், தெரியாதா?"

லாரிப் பட்டறைக்குப் பின்னால் இருக்கும் புறம்போக்கு நிலம்தான் எங்கள் மைதானம். ஒரு கோடியில் அவருடைய கபடிக் களம். மறு கோடியில் கிரிக்கெட். களத்துக்கு அவர் ஏரி மண் கொண்டுவந்து கொட்டி, சலித்து, தினமும் காலையில் தண்ணீர் தெளிப்பார். மண் பூப்போல இருக்கவேண்டும். கிரிக்கெட்காரர்களுக்கோ மண் கல்லைப்போல இருக்கவேண்டும். ஒரே நிலம், இரண்டு வேண்டுதல். பந்து தப்பிக் களத்தில் விழுந்தால், முகத்தை வானத்துப் பக்கம் திருப்பிக்கொண்டு, பட்டறைக் குறடால் தடவித் தடவிப் பிடித்து வெளியே போடுவார். செத்த எலியை எடுத்துப் போடுபவரைப் போல.

கிரிக்கெட் அணியின் கேப்டன் மொபைல் கடை வைத்திருப்பவர். ஊருக்கு அவர் ரீசார்ஜ். இருவரும் சந்தித்தால் பேச்சு இப்படித்தான் போகும்.

"ஏனுங்கண்ணா, கிரிக்கெட்டு உங்களுக்கு என்னதாங்க கெடுதல் பண்ணுச்சு?"

"ஒருத்தன் போடறான், ஒருத்தன் அடிக்கறான். மிச்சப்பேரெல்லாம் வெயில்ல எதுக்குடா நிக்கறானுங்க? எழவு ஊட்டுலகூட இப்புடி சும்மா நிக்கமாட்டாங்க."

"நீங்க மட்டும் என்னவாமா? ஏழு பேரு கையக் கோத்துக்கிட்டு, ரோடு தாண்டற பள்ளிக்கொடத்துப் புள்ளைங்களாட்ட."

"உன்ற ஆட்டத்துல ஒருத்தன் ஒருத்தனத் தொடறதுண்டாடா? ஆளைத் தொடாம அதென்ன வெளாட்டு? போயி பேங்க்ல வேல பாரு."

அவருடைய கபடிக் குழுவுக்கு ஒரே ஒரு சட்டம்தான். குழுவில் இருப்பவர்கள் கிரிக்கெட் ஆடக்கூடாது, பார்க்கவும் கூடாது. பீடி குடித்து மாட்டினால் ஒரு வாரம் தள்ளிவைப்பார். கிரிக்கெட்டில் மாட்டினால் நிரந்தரமாக வெளியே. இது ஆண்கள் அணிக்கும் உண்டு, பெண்கள் அணிக்கும் உண்டு.

சட்டத்தை முதலில் தன்மேல்தான் வைத்தார். டீக்கடை டி.வி.யில் மேட்ச் ஓடினால், சுவரைப் பார்த்து நின்று டீ குடிப்பார். அந்தச் சுவரில் எத்தனை விரிசல் என்று கடைக்காரரைவிட அவருக்கு நன்றாகத் தெரியும். சலூனில்தான் சிக்கிக்கொண்டார். முதுகைத் திருப்பி உட்கார்ந்தாலும் கண்ணாடியில் டி.வி. தெரிந்தது. உடனே கண்ணை இறுக்க மூடிக்கொண்டார். முடிவெட்டுபவரின் கவனம் மேட்சில் இருந்தது. அண்ணன் கண்ணைத் திறந்தபோது மீசையில் இடப்பக்கம் மட்டும்தான் மிச்சம். மறுநாள் வெளியே வந்தவர் அந்தப் பாதியையும் வைத்துக்கொண்டே வந்தார்.

"பாருங்க. கிரிக்கெட்டு என்ன பண்ணுமுன்னு எல்லாரும் பாத்துக்கங்க."

ஞாயிற்றுக்கிழமைகளில் கண்காணிப்பு நடக்கும். தன் ஆட்கள் யாராவது மேட்ச் பார்க்கிறார்களா என்று பிடிக்கவேண்டும். அதற்குப் போனால் மேட்ச் கண்ணில் படும். இதற்கு அவர் கண்டுபிடித்த வழியை இன்றும் நான் மெச்சுகிறேன். பவுண்டரிக் கோட்டின்மேல், ஆட்டத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பார். பார்வையாளர்கள் ஆட்டத்தைப் பார்ப்பார்கள், இவர் பார்வையாளர்களைப் பார்ப்பார். பந்து முதுகில் வந்து விழுந்தாலும் திரும்பமாட்டார். எங்கள் ஆட்கள் துண்டால் தலையை மூடிக்கொண்டு, தொப்பியை மூக்குவரை இறக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள்.

இப்போது நான் வருகிறேன். பெண்கள் அணியில் பாடிப் போவதில் நான்தான் முதல் ஆள். இதை அடக்கமாகச் சொல்ல எனக்குத் தெரியாது. அந்த வருடம் மாரியம்மன் நோம்பித் திருவிழாவில் வெண்ணந்தூர் பெண்களோடு எங்களுக்கு ஆட்டம். முந்தின நோம்பியில் அவர்கள் எங்கள் மண்ணிலேயே எங்களைத் தோற்கடித்துக் கோப்பையைத் தூக்கிக்கொண்டு, போகும்போது எங்கள் பந்தலிலேயே சாப்பிட்டுவிட்டும் போனார்கள். கம்ப்ரசர் அண்ணன் அன்றிலிருந்து வருடம் முழுக்க மண் சலித்தது அந்தக் கோப்பையைத் திரும்ப வாங்கத்தான்.

அந்த நேரத்தில்தான் எனக்குச் சேலத்தில் கல்லூரி கிடைத்தது. எங்கள் வீட்டில் பள்ளிக்கூட வாசலை மிதித்த முதல் ஆள் நான். அப்பாவும் அம்மாவும் தறி ஓட்டுகிறவர்கள். கல்லூரியில் பெண்களுக்குக் கபடி அணி இல்லை, கிரிக்கெட் அணி இருந்தது. ஓடி வந்து ஒரு பந்து போடச் சொன்னார்கள். போட்டேன். நடு ஸ்டம்பு பிடுங்கிக்கொண்டு போனது. மறுநாள் அறிவிப்புப் பலகையில் என் பெயர் இருந்தது. அம்மாவிடம் சொன்னபோது அம்மா ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

"எந்த வெளாட்டுக்கு சாமி பஸ்ஸு சார்ஜு குடுப்பாங்க?"

"கிரிக்கெட்டுக்கும்மா."

"அப்ப அதையும் வெளாடு."

ஒளித்து மறைத்து ஆட எனக்கு விருப்பமில்லை. நேராகக் களத்துக்குப் போய்ச் சொன்னேன். அண்ணன் சல்லடையை நிறுத்தவில்லை.

"அம்மிணி, நீ படிக்கற புள்ள. சட்டம் உனக்குத் தெரியுமல்ல?"

"தெரியுமுங்கண்ணா."

"அப்ப நான் என்ன சொல்றதுக்கு இருக்குது?"

"நோம்பிக்கு யாருங்கண்ணா பாடிப் போவாங்க?"

சல்லடையை இன்னும் வேகமாக ஆட்டினார். மண் மட்டும் விழுந்துகொண்டிருந்தது. எங்கள் கேப்டன் கோகிலா போய் மன்றாடினாள். "அவ இல்லாம வெண்ணந்தூரை ஒண்ணும் பண்ண முடியாதுங்கண்ணா" என்றாள். "தோத்தா தோத்துட்டுப் போறம். சட்டம் சட்டந்தான்" என்றார். அன்று மாலை டீக்கடையில் டி.வி. ஓடவே இல்லை, ஆனாலும் சுவரைப் பார்த்துத்தான் டீ குடித்தார் என்று கேள்விப்பட்டேன்.

அடுத்த ஞாயிறு எடப்பாடி அணியோடு ஒரு கோப்பைக்கான கிரிக்கெட். என்னைத்தான் வெளியே தள்ளியாயிற்றே, எனக்கென்ன பயம். முன்வரிசையில் முகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். எனக்கு எதிரே கோட்டின்மேல் அண்ணன் ஆட்டத்துக்கு முதுகைக் காட்டியபடி நின்றார். என்னைப் பார்த்தார். பார்க்காததுபோல் வேறு முகங்களுக்குப் போனார்.

கடைசிப் பந்து. எங்களுக்கு இன்னும் இரண்டு ரன். ரீசார்ஜ் தூக்கி அடித்த பந்து அண்ணன் நின்ற பக்கம் உருண்டு வந்தது. அதைத் துரத்திக்கொண்டு கோட்டோரமாக ஓடிவந்த எடப்பாடிப் பையனின் கை, போகிற போக்கில் அண்ணனின் தோளைத் தொட்டுவிட்டது.

அவரை யாரும் தொட்டிருக்கக்கூடாது. பின்னாலிருந்து தொட்டிருக்கவே கூடாது. முப்பது வருடப் பழக்கம். தொட்டவன் தப்பித்து நடுக்கோட்டுக்குப் போகக்கூடாது, அது மட்டும்தான் அந்த உடம்புக்குத் தெரியும். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அப்படியே மண்டியிட்டுக் கையைப் பின்னால் விட்டுப் பையனின் கணுக்காலைப் பிடித்தார். பையன் தரையோடு தரையாகப் படுத்தான். அண்ணன் வானத்தைப் பார்த்து, "புடிங்கடா" என்று ஒரு சத்தம் போட்டார்.

அங்கேதான் எல்லாம் கெட்டது. அந்தச் சத்தம் கேட்டால் எங்கள் ஆட்களுக்கு யோசனை வராது. கூட்டத்திலிருந்து துண்டுகளும் தொப்பிகளும் பறந்தன. ஆண்கள் அணியில் பாதிப்பேர் பாய்ந்து வந்து அந்தப் பையன்மேல் விழுந்தார்கள். ஷாலால் முகத்தை மூடி உட்கார்ந்திருந்த கோகிலா அவன் சட்டைக் காலரைப் பிடித்திருந்தாள். அடியிலிருந்து, "நான் பீல்டிங்ணா, பீல்டிங்" என்று ஒரு குரல் மெல்லமாக வந்துகொண்டிருந்தது. பந்து சாவகாசமாகக் கோட்டைத் தாண்டியது.

எடப்பாடிக்காரர்கள் ஆட்டத்தை ஒத்துக்கொள்ளவில்லை. ரீசார்ஜ் விடவில்லை.

"கோட்டுமேல நின்ன ஆளுங்க அவரு. எல்லைக்கல்லு மாதிரி. கல்லு தடுக்கி உழுந்தா கல்லுமேல கேஸு போடுவீங்களா?"

"கல்லு காலைப் புடிக்குமாங்க?"

"எங்கூருக் கல்லு புடிக்கும்."

அரைமணி நேரம் பேசி, ரன்னைக் கொடுத்துவிட்டுப் போனார்கள். ரீசார்ஜ் கோப்பையை அண்ணன் கையில் திணிக்க வந்தார். அண்ணன் கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார். அவர் பார்த்துக்கொண்டிருந்தது தன் குழுவை. அத்தனை பேரும் அங்கேயே, கையும் களவுமாக நின்றார்கள்.

"அப்ப எல்லாருந்தான்" என்றார். "எல்லாரும் வெளிய."

கோகிலா ஷாலை உதறித் தோளில் போட்டாள். "சரிங்கண்ணா. நாங்க பாத்தோம். நீங்க ஆடிட்டீங்களே?"

அண்ணன் தன் கைகளைப் பார்த்தார். அதில் எடப்பாடிப் பையனின் காலுறை ஒன்று இருந்தது. அதை மடித்து உரியவனிடம் கொடுத்துவிட்டுப் பட்டறைக்குப் போய்விட்டார்.

மறுநாளிலிருந்து அவர் களத்தில் கால் வைக்கவில்லை. தன்னையும் வெளியே தள்ளிக்கொண்டார். நோம்பி நெருங்கிவிட்டது. ஆடுவதற்கு அணி இல்லை, விசில் ஊத ஆளில்லை, தெளிக்கத் தண்ணீர் இல்லை. நாள் போகப் போகக் களம் இறுகி வெடிப்பு விட்டது. பட்டறை வாசலில் நின்று அதைப் பார்த்துக்கொண்டே இருப்பார். அவ்வளவு தூரத்திலிருந்தும் அந்த மண்ணின் தாகம் அவர் தொண்டையில் தெரிந்தது. வெண்ணந்தூரிலிருந்து போன் வந்தது. ஆட ஆளிருக்கிறதா, இல்லை நேராகச் சாப்பாட்டுக்கு வந்தால் போதுமா என்று கேட்டார்கள்.

அதற்குமேல் என்னால் பொறுக்க முடியவில்லை. பட்டறைக்குப் போனேன்.

"அண்ணா, ஒண்ணு கேக்கட்டுங்களா? அன்னைக்கு நீங்க மேட்ச்சப் பாத்தீங்களா?"

"என்ற மேல சத்தியமா பாக்கல."

"ஆடுனீங்களா?"

கையிலிருந்த ஸ்பேனரைத் துடைத்தார். திரும்பவும் துடைத்தார். "ஆடிட்டேன் அம்மிணி."

"அப்ப ஆடறது வேற, பாக்கறது வேறதானுங்க? ஆடறவனுக்கு ஆளைத் தொட ஒரு வாய்ப்பாவது இருக்குது. பாக்கறவன்தான் சும்மா ஒக்காந்திருக்கறான். நீங்களே சொல்லுவீங்கல்ல, சும்மா நிக்கறதுதான் குத்தமுன்னு."

ஸ்பேனரைக் கீழே வைத்தார்.

"கோகிலாவும் பசங்களும் பாத்தாங்களே?"

"கடைசிப் பந்துக்கு எல்லாருமே உள்ள எறங்கிட்டாங்கண்ணா. நாந்தான் பாத்தனே."

"நீ பாத்தியா?"

"நான் எங்க காலேஜுக்கு ஆடறவளுங்க."

முதல்முறையாகச் சிரித்தார். மீசை அதற்குள் இரண்டு பக்கமும் முளைத்திருந்தது. "வக்கீலுக்கே படிச்சிருக்கலாம் நீயி" என்றார். அன்று மாலையே சட்டம் திருத்தப்பட்டது. ஆடலாம். பார்க்கக்கூடாது. இதில் இனி மாற்றமில்லை.

நோம்பிக்கு முன்தினம் களத்தில் தண்ணீர் தெளித்தவர்களில் ரீசார்ஜும் கிரிக்கெட்காரர்களும் இருந்தார்கள். ஞாயிறு மதியம் மைக்கில் வர்ணனை சொன்னதும் ரீசார்ஜ்தான். பழக்கதோஷத்தில் நான் தொட்டுவிட்டு வந்த ஒவ்வொரு புள்ளியையும் ரன் என்றே சொன்னார். அவர் கணக்குப்படி நாங்கள் வெண்ணந்தூரை நான்கு ரன் வித்தியாசத்தில் ஜெயித்தோம். அவர்கள் எங்கள் பந்தலில் இந்த முறையும் சாப்பிட்டார்கள். பரிமாறியது நாங்கள், கோப்பையை நடுவில் வைத்துக்கொண்டு.

சில மாதம் கழித்துச் சேலத்தில் கல்லூரிகளுக்கு இடையிலான மேட்ச். புதுப்பந்து என்னிடம். ஓடுவதற்குத் திரும்பி நின்றபோது, விக்கெட் கீப்பருக்கு நேர் பின்னால், கோட்டுக்கு வெளியே, வெயிலில் ஒருவர் நிற்பது தெரிந்தது. எல்லோரும் மைதானத்தைப் பார்த்திருக்க, அவர் மட்டும் காம்பவுண்டுச் சுவரைப் பார்த்து நின்றார். அந்த முதுகை எங்கே பார்த்தாலும் எனக்கு அடையாளம் தெரியும்.

"யாரும்மா அது, செவுத்தப் பாத்து நின்னுக்கிட்டு? தெரிஞ்சவரா?" என்று அம்பயர் கேட்டார்.

"எங்க ஊட்டு ஆளுங்க சார்" என்றேன்.

மேட்ச் முடிந்து போய்க் கேட்டால், "கம்ப்ரசருக்கு வால்வு வாங்க வந்தேன், அம்மிணி. அப்புடியே நின்னேன்" என்றார். கையில் வால்வு எதுவும் இல்லை. சுண்டல் பொட்டலம்தான் இருந்தது. பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று கிளம்பிவிட்டார்.

அவருக்குப் பக்கத்தில் கூடை வைத்து உட்கார்ந்திருந்த சுண்டல்கார அம்மாதான் மீதியைச் சொன்னார். "நீ ஓட ஆரம்பிச்சா சொல்லச் சொன்னாரும்மா. சொன்னதும் மூச்சைப் புடிச்சுக்குவாரு. பந்து போயிருச்சுன்னு நான் சொன்ன பொறவுதான் விடுவாரு."

அன்று நான் நிறையப் பந்து போட்டேன். ஒவ்வொரு முறையும் அந்தத் தோள்கள் உயர்ந்து நின்றதைப் பார்த்துக்கொண்டேதான் ஓடினேன்.